மயிலைக் குடிசையில் ஒரு முதியவர்

நம் பொழிச்சலூரில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாடத்தைச் சற்று நிறுத்திவைப்பது புதிய செய்தியன்று. மீனம்பாக்கத்து விமானம் ஒன்று கூரைக்கு மேலே தாழப் பறந்து செல்லும். ஆசிரியை சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஓசை அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அந்த விமானத்தில் வந்து இறங்குபவர் முதல் நாள் ஐரோப்பாவில் உணவருந்தியவராகவும் இருக்கக்கூடும்.

நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டிலிருந்து நம் மண்ணை நோக்கிப் புறப்பட்ட இளைஞர் ஒருவருக்கு அந்தப் பயணம் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 1604 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பல் ஏறியவர், 1605 மே 20ஆம் நாள்தான் கோவாவில் கரை இறங்கினார். பிறகு அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. ஐம்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்து, நம் ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மயிலாப்பூரில் 1656 ஜனவரி 16 அன்று கண்மூடினார். இராபர்ட் தெ நொபிலி என்பது பெற்றோர் இட்ட பெயர். தத்துவ போதகர் என்பது தமிழ் மண் அவருக்கு அளித்த பெயர்.

மதுரையில் காவியுடுத்திய இளந்துறவியாக அவர் செய்த செயல்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பேச்சுப் போட்டிகளிலும் சொல்லியிருக்கிறோம். ஆனால் எழுபது வயதைக் கடந்து, கண்ணொளி மங்கி, உறவினர் எவரும் அருகில் இல்லாத அந்நிய நாட்டில் அவர் எப்படி நாட்களைக் கழித்தார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவருடைய உள்ளம் எத்தகையது என்பதை முதுமையே தெளிவாகக் காட்டும். ஆதலால் இம்முறை அவருடைய அந்திக்காலத்தைக் காண்போம். அதற்கு முன், அவர் வந்த வழியைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

மாளிகையிலிருந்து மண் தரைக்கு

1577ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட், செல்வமும் பெரும் பதவிகளும் கண்ட குடும்பத்தின் மூத்த மகன். தந்தை பாப்பரசரின் படையில் தளபதி. அறிவிலும் புனிதத்திலும் சிறந்த கர்தினால் இராபர்ட் பெல்லார்மின் அவருக்கு உறவினர். இத்தகைய வீட்டுப் பிள்ளை துறவியாவதைப் பெற்றோர் விரும்பவில்லை. எனினும் அவர் நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று சேசு சபையில் சேர்ந்தார். 1603இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கப்பலேறினார்.

கோவாவிலிருந்து கொச்சிக்கும், பின் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். அங்கே கடலோர மக்களோடு தங்கித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1606 நவம்பரில், மாநிலத் தலைவர் அல்பெர்த்தோ லயேர்சியோ அடிகளார் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியக் குரு பதினோராண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார். பள்ளி நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். நல்லவர், இரக்கமுள்ளவர். இருந்தும் மதுரை மக்களில் எவரும் திருமறையைத் தழுவவில்லை. கிறிஸ்தவ மறை என்றால் அது பரங்கியர் மறை, அதில் சேர்ந்தால் நாமும் பரங்கியராகிவிடுவோம் என்று மக்கள் அஞ்சினார்கள்.

இளங்குருவானவர் சிந்தித்தார். ஆண்டவருடைய நற்செய்திக்கு ஐரோப்பியச் சட்டை எதற்கு என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம், தங்குவதற்கு ஒரு குடில். இறைச்சியும் மீனும் முட்டையும் திராட்சை மதுவும் விலக்கினார். நாளுக்கு ஒரே வேளை உணவு. சோறும் காய்கறியும் பாலும் நெய்யும் பழமுமே அவ்வுணவு. வெள்ளித் தட்டில் உண்டு வளர்ந்தவர் தரையில் சம்மணமிட்டு இலையில் உண்ணப் பழகினார். ஒருநாள் வேடமாக இருந்திருந்தால் இதில் வியப்பில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார் என்பதே வியப்பு.

சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர் அவருக்கு வடமொழி கற்பித்தார். வேதங்களை அந்நியருக்குக் காட்டுவது பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. தமக்கு வரக்கூடிய துன்பத்தைப் பொருட்படுத்தாமல் அவர் அறிவுக் கதவைத் திறந்துவிட்டார். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவராக இராபர்ட் அடிகளார் உயர்ந்தார் என்றால், அதில் அந்த ஆசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு. ஓர் ஆசிரியர் துணியாமல் எந்த மாணவரும் உயர்வதில்லை.

சோதனைகள்

சொந்தச் சபையினரிடமிருந்தே முதல் சோதனை வந்தது. அவரோடு மதுரையில் வாழ்ந்த பெர்னாண்டஸ் அடிகளாரே 1610இல் அவர்மீது முறையிட்டார். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவர்களுக்கு ஆகுமா என்பது கேள்வி. வழக்கு கோவாவுக்குச் சென்றது, உரோமைக்கும் சென்றது. அன்பு உறவினரான கர்தினால் பெல்லார்மினே முதலில் வருந்தினார். முழு விளக்கத்தையும் கேட்ட பின்னரே மனம் மாறி ஆதரித்தார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் தொடக்கத்திலிருந்தே உறுதுணையாய் நின்றார். 1619இல் கோவாவில் கூடிய அவையில் அடிகளார் நேரில் நின்று தம் கருத்தை எடுத்துரைத்தார். இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று, பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பதின்மூன்று ஆண்டுகள் அவர் காத்திருந்தார். தம்மைக் குறை கூறியவர்களை விட்டு ஓடவுமில்லை, கீழ்ப்படிதலை விட்டுவிடவுமில்லை.

அதன் பிறகு திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் எனக் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார். 1640இல் மதுரையில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்களை நாம் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்! அவரோ சிறையில் பட்டினியும் வெப்பமும் தாங்கினார். மறு ஆண்டு விடுதலை பெற்றதும் மீண்டும் பணியைத் தொடர்ந்தார்.

ஓய்வு என்று அனுப்பினார்கள்

ஆண்டுகள் சென்றன. உடல் தளர்ந்தது. ஓலையிலும் தாளிலும் ஓயாமல் உழைத்த கண்கள் ஒளி இழக்கத் தொடங்கின. ஏறத்தாழ எழுபது வயதில், மேலதிகாரிகள் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். தாம் விதைத்த வயலை விட்டுப் பிரிவது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! நாற்பது ஆண்டு உழைப்பும் அங்கேதான் இருந்தது. எனினும் கீழ்ப்படிந்து சென்றார். சில ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்தார்.

அன்றைய மயிலாப்பூரை இன்றைய மயிலாப்பூராக எண்ணிவிடக் கூடாது. கடற்கரையோரம் போர்த்துக்கீசியரின் சாந்தோம் நகரம் மதில் சூழ இருந்தது. வடக்கே ஆங்கிலேயர் கட்டத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. மேற்கே நாம் இன்றும் காணும் பரங்கிமலை, அப்போஸ்தலர் தோமையாரின் நினைவைச் சுமந்து நின்றது. சாந்தோம் நகருக்குள் துறவியர் இல்லம் இருந்தது. அங்கே ஐரோப்பிய உணவும் மருத்துவமும் தாய்மொழிப் பேச்சும் கிடைத்திருக்கும். முதியவர் ஒருவர் அவற்றை நாடியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அவர் நாடவில்லை. நகருக்கு வெளியே ஒரு மண்குடிசையில் தங்கினார். தமிழ்க் கிறிஸ்தவர் சிலர் அவருக்குத் துணையாக இருந்தனர். மதுரையில் தொடங்கிய அதே ஒருவேளை உணவு இங்கும் தொடர்ந்தது. முப்பது வயதில் தாம் ஏற்றுக்கொண்ட வாழ்க்கையை எழுபத்தைந்திலும் தளர்த்தவில்லை.

அக்குடிசையில் நாள் எப்படிக் கழிந்தது? செபம், திருப்பலி, செபமாலை. எஞ்சிய பொழுதெல்லாம் எழுத்து வேலை. தாமாக எழுதக் கண் இல்லை. எனவே அவர் சொல்லச் சொல்ல உடனிருந்தவர்கள் எழுதினார்கள். முன்பு இயற்றிய நூல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்தினார். நம்மில் சொல்வதெழுதுதல் பயிற்சி செய்யாதவர் எவருமில்லை. ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் வரியே தடுமாறிப்போகும் என்பது நமக்குத் தெரியும். பார்வையற்ற முதியவர், தமக்குத் தாய்மொழியல்லாத ஒரு மொழியில், இறையியலின் நுட்பங்களை வாயால் சொல்லி எழுதுவித்தார் என்றால் அதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! சொன்னவருக்கு மட்டுமா? கேட்டு எழுதியவருக்கும்தான்.

ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், நித்திய ஜீவன சல்லாபம் முதலிய நூல்கள் அவருடைய உழைப்பின் கனிகள். தேவமாதாவின் சரித்திரமும் எழுதினார். பாட்டிலேயே பெரும்பாலும் நூல் செய்துவந்த தமிழில், ஆழ்ந்த தத்துவத்தை உரைநடையிலும் சொல்ல முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர். இந்நூல்களில் எதையும் அவர் அச்சில் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சே. இராசமாணிக்கம் அடிகளார் அவற்றைத் தேடி ஆராய்ந்து பதிப்பித்ததால் அவை நம் தலைமுறைக்குக் கிடைத்தன.

நன்றியின் மொழி

இந்த முதியவர் எதற்காக இப்படி உழைத்தார்? நன்றியே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. இந்த நாடு அவருக்கு உணவளித்தது, மொழியளித்தது, ஆசிரியரை அளித்தது, நண்பரை அளித்தது. பெற்றதைத் திருப்பித் தராமல் போக அவருக்கு மனம் வரவில்லை. பொன்னும் பொருளும் அவரிடம் இல்லை. கற்ற தமிழே அவருடைய செல்வம். ஆகவே தமிழைத் தமிழருக்கே புதிய கனிகளோடு திருப்பித் தந்தார்.

அந்தக் கொடையை நாம் நாள்தோறும் கையாளுகிறோம். அவருக்கு முன் போர்த்துக்கீசியச் சொற்களே நம் செபங்களில் மிகுதியாக இருந்தன. அவர்கள் திருப்பலியைக் குறிக்கும் சொல் தமிழர் காதில் மீசை என்று ஒலித்தது! கேட்டவர் சிரிக்காமல் என்ன செய்வார்? கோவில், பூசை, குரு, அருள், பிரசாதம், வேதம் என்னும் சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் ஊன்றியவர் தத்துவ போதகர். நம் பாட்டிமார் இன்றும் பூசைக்குப் போகிறேன் என்கிறார்கள். துன்பம் வரும்போது சர்வேசுரா என்று அழைக்கிறார்கள். அந்த அழைப்பிலும் அவருடைய பங்கு உண்டு. இறைவனோடு நம் மொழியில் பேசுவதற்கு நமக்குக் கூச்சமில்லை என்றால், அந்தக் கூச்சத்தைப் போக்கியவர்களில் ஒருவர் மயிலைக் குடிசையில் இருந்த அந்த முதியவர்.

மறைக்கக் கூடாத ஒன்று

நன்றி என்பது கண்ணை மூடிக்கொண்டு புகழ்வதன்று. உண்மை ஒன்றையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அடிகளார் நம் நாட்டுப் பழக்கங்களை ஏற்றபோது சாதி வேறுபாட்டையும் சமூக வழக்கம் என்றே கருதி ஏற்றுக்கொண்டார். உயர்ந்தோர் என்று கருதப்பட்டவர்களுக்கு ஓர் ஆலயம், மற்றவர்களுக்கு வேறோர் ஆலயம் என்னும் நிலை ஏற்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் நற்செய்தி சேரவேண்டும் என்பதற்காக 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்னும் குருக்கள் பணிபுரிந்தனர். பல்தசார் தா கோஸ்தா அடிகளார் அவர்களில் முதல்வர். ஆனாலும் ஒரே தந்தையின் பிள்ளைகள் வெவ்வேறு பந்தியில் அமர்ந்தது நெடுங்காலம் மாறவில்லை. வடக்கன்குளத்து ஆலயத்தில் இரு பிரிவினரைப் பிரித்து நின்ற சுவரை 1910இல்தான் இடித்தார்கள்.

இதைப் படிக்கும் நம் தோழி ஒருத்திக்கு மனம் வலிக்கலாம். அந்நாளில் என் முன்னோரை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஒரு முறைக்கு இடங்கொடுத்தவருக்கு நான் எதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று அவள் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு நாம் கோபப்படக் கூடாது. பெரியோரும் தம் காலத்தின் பிழையில் சிக்கியவர்களே. அவரிடமிருந்து பெற்ற நன்மைக்கு நன்றி சொல்வதும், அவர் விட்டுச்சென்ற குறையைத் திருத்துவதும் ஆகிய இரண்டும் நம் கடமை. நம் வகுப்பில் எல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து, மதிய உணவைப் பகிர்ந்து உண்ணுகிறோமே, அது சிறிய செயலன்று. அதை வீட்டிலும் தெருவிலும் திருமணப் பந்தியிலும் காக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அவருக்குச் செலுத்தும் நன்றி அப்போதுதான் முழுமை பெறும்.

நம் அருகில் இருக்கும் முதியோர்

அடிகளார் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1659இல், உரோமையிலுள்ள மறைபரப்புப் பேராயம் மறைப்பணியாளர்களுக்கு ஓர் அறிவுரை விடுத்தது. நற்செய்தியைக் கொண்டுசெல்லுங்கள், உங்கள் நாட்டு வழக்கங்களைக் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள் என்பது அதன் கருத்து. தாம் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து காட்டியதற்கு ஒப்பான அவ்வறிவுரையை அவர் கேட்கவில்லை. உழைப்பவர் எல்லாரும் பலனைக் கண்டுவிட்டுப் போவதில்லை.

அன்று மேல்நாட்டிலிருந்து குருக்களும் கன்னியரும் நம்மிடம் வந்தார்கள். இன்று தமிழ்நாட்டுக் கன்னியர் பலர் ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பணியாற்றுகிறார்கள். புரியாத மொழியைப் பழகி, பழகாத உணவை உண்டு, அந்நாட்டு நோயாளிகளையும் முதியோரையும் பேணுகிறார்கள். அவர்களில் தலை நரைத்தவர்களும் உண்டு. தத்துவ போதகர் பிறந்த நாட்டின் முதியோருக்கு நம் ஊர்ச் சகோதரி ஒருவர் கஞ்சி ஊட்டுகிறார் என்றால், பழைய கடன் ஒன்று மெல்லத் தீர்கிறது என்றே நாம் மகிழலாம்.

தொலைவில் உள்ளவர்களை மட்டும் எண்ணினால் போதாது. நம் மடத்தில் வகுப்பெடுப்பதை நிறுத்தி ஓய்வு பெற்ற சகோதரியர் இருப்பார்கள். நம் வீட்டுத் திண்ணையில் தாத்தாவும் பாட்டியும் இருப்பார்கள். கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை என்று அவர்களை நாம் ஒதுக்கிவிடுகிறோம். தத்துவ போதகருக்கு அவர் சொன்னதைக் கேட்டு எழுத ஆட்கள் இருந்தார்கள். நம் முதியவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களிடமும் சொல்வதற்கு எத்தனையோ உண்டு. பழைய செபங்கள், கைமருந்துகள், ஊரின் கதை, குடும்பம் பட்ட கஷ்டம் எல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன.

அன்பு மாணவியரே, இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம் பாட்டியின் அருகில் சிறிது நேரம் அமருவோம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவோம். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுவோம். பிழை இருந்தால் அவர்களே திருத்துவார்கள். மயிலைக் குடிசையில் உடனிருந்து எழுதியவர்களின் பெயர்கள் நம் நினைவில் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டு எழுதியதால்தான் அந்த முதியவரின் உழைப்பு அழியாமல் நம்மை வந்தடைந்தது. அத்தகைய கைகளாக நம் கைகளும் இருக்க இறைவன் அருள்புரிவாராக.